தியாகராசாவுக்கு நாங்கள் கொடுத்த சோடா

வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எப்போதும் நாலைந்து சோடாப் போத்தல்கள் இருக்கும். வீட்டில் ஒருவரும் சோடா குடிப்பதில்லை. எனக்குச் சீனி வருத்தம், மனைவி அருந்ததிக்கு வாய்வு, மகள் கொழும்பில் வேலை. பிறகு யாருக்கு அவை என்று வெளியூர்க்காரர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் ஊர்க்காரர் கேட்கவே மாட்டார்கள். அவர்களுடைய வீட்டிலும் இருக்கும்.

சில ஆட்கள் வந்தால் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பதில்லை. போத்தலின் மூடியைத் திறந்து, ஒரு உறிஞ்சியைப் போட்டு, சிரித்த முகத்தோடு நீட்டுவோம். பார்க்கிறவருக்கு அது உபசாரம் மாதிரியே இருக்கும். கோப்பையும் தப்பிவிடும். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் உச்சரித்ததில்லை. நாங்கள் படித்த குடும்பம்.

தியாகராசா இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் போத்தலைக் குடித்தவர். இது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது. இடையில் என்னைப் பற்றி அதிகமாக வந்துவிட்டால் அது தற்பெருமை அல்ல, அதற்கு நேர் எதிர்.

அவருக்கு இப்போது அறுபத்தேழு. என்னைவிட நாலு வயது மூப்பு. அவருடைய தகப்பன் எங்கள் அப்பா முத்துக்குமாருவின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். மகனைத் தோட்டத்துக்கு அனுப்பாமல் பதினாலு வயதில் யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டார். அங்கே தியாகராசா கூட்டினார், கழுவினார், இரும்பு ஒட்டு வேலை பழகினார். முப்பது வயதுக்குள் சொந்தமாகக் கொட்டில் போட்டு, உடைந்த லொறிகளின் அச்சை வாங்கி உழவு இயந்திரம் பின்னால் இழுக்கிற பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். வலிகாமத்தில் ஓடுகிற பெட்டிகளில் எது அவர் கட்டியது என்று சத்தத்தை வைத்தே சொல்லலாம் என்பார்கள். அவருடைய பெட்டி சத்தம் போடாது.

அவரிடம் பெட்டி கட்டப் போனால் முதல் கேள்வி, “என்ன ஏத்தப் போறியள்?” இரண்டாவது கேள்வி, “எந்த றோட்டாலை?” நிறம் என்ன என்று கேட்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அளவு ஒன்றும் எழுதமாட்டார். சோக்கட்டியால் தன் காற்சட்டையின் தொடையில் இரண்டு மூன்று கோடு போடுவார், அவ்வளவுதான். அந்தக் காற்சட்டையைத் தோய்க்கிற நாளுக்கு முன்னமே பெட்டி கட்டி முடிக்க வேண்டும் என்று ஊரில் பகிடி விடுவார்கள்.

எங்களிடம் இருப்பது அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் வாங்கிய இங்கிலாந்து உழவு இயந்திரம். சிவப்புப் பூச்சு எப்போதோ போய்விட்டது. இன்னும் ஒரே அடியில் இயங்கத் தொடங்கும். அது இன்று எங்கள் வளவில் நிற்பதற்கே தியாகராசாதான் காரணம்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் கடைசியில், ஆமி நெருங்கி வருகிறதென்று வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அப்பாவுக்குப் பாரிசவாதம், அருந்ததிக்கு ஆறு மாதம். எனக்கு இயந்திரத்தை ஓட்டத் தெரியாது. டீசல் மருந்துக்கும் இல்லை. தியாகராசா தன் மனைவி சிவக்கொழுந்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் எங்கள் படலைக்கு வந்தார். மண்ணெண்ணெய்க்குள் தேங்காய் எண்ணெயைக் கலந்து ஊற்றி இயந்திரத்தை இயக்கினார். தான் கட்டிய பெட்டியைப் பின்னால் கொழுவினார். இரண்டு குடும்பமும் அந்த ஒரு பெட்டியில் கொடிகாமம் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது.

அங்கே ஒரு தென்னங்காணிக்குள் ஐந்தரை மாதம் இருந்தோம். ஒரு அடுப்பு, ஒரு பானை. சிவக்கொழுந்து அக்காதான் சமைப்பார். அருந்ததிக்குப் பிள்ளை பிறந்தபோது மருத்துவிச்சியைத் தேடி ஓடியவரும் அவர்தான், பத்தியக்கறி வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். தியாகராசா அண்ணை ஒரு நாளைக்கு ஏழு தேத்தண்ணி குடிப்பார். இருந்தவை மூன்று கோப்பைகள்தான். கழுவிக் கழுவி எல்லோரும் குடித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அங்கே நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். இயந்திரத்தை எங்கள் வளவில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் முற்றத்தில் நின்றார். அப்பா படுக்கையில் கிடந்தபடி, “உவனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு” என்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குடித்தார். அன்றைக்கே தம்பி என்ற சொல்லை விட்டுவிட்டார். அண்ணை என்ற சொல்லைக் கைவிட எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு எனக்கு அவர் தியாகராசா, அவருக்கு நான் மனேச்சர் ஐயா. கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு அப்போது அந்தப் பதவி.

இனிச் சென்ற வருடத்துக் கதை.

பரந்தனில் எங்களுக்கு ஆறு ஏக்கர் வயல். ஒவ்வொரு வருடமும் ஆவணி கடைசியில் இந்தக் கிழட்டு இயந்திரத்தை ஓட்டுநர் ஒருவர் றோட்டால் ஓட்டிக்கொண்டு போவார். அதற்கு முந்தின வருடம் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. பொலிஸ்காரர் நல்ல வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்: இனி இதை ஏற்றிக்கொண்டு போ, ஓட்டிக்கொண்டு வராதே. புது இயந்திரம் வாங்கலாம்தான். அப்பாவின் இயந்திரம் போடுகிற முதல் உழவுச் சாலில்தான் விதைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆகவே ஒரு ரெயிலர் வாங்குவதென்று முடிவெடுத்தேன். இயந்திரம் ஏற வேண்டும். சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை, சேற்றுக்குப் போடுகிற இரும்புச் சில்லு இரண்டு, இவ்வளவும் கூட ஏற வேண்டும்.

உடுப்பிட்டியில் ஜெயதீபன் என்ற பெடியன் புது ரெயிலர்கள் வைத்து விற்கிறான் என்று கேள்விப்பட்டேன். தியாகராசாவும் தாழ்ந்த தட்டு வைத்து ஒன்று கட்டி முடித்திருந்தார். இரண்டு பேரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரிவு சுகம் என்பது என் கெட்டித்தனம்.

ஜெயதீபனின் ரெயிலர் நீல நிறம், பார்க்கக் கலியாண வீட்டு வாகனம் மாதிரி இருந்தது. ஒற்றை அச்சு, பன்னிரண்டு அடித் தட்டு, தரையிலிருந்து இடுப்பளவு உயரம். தியாகராசாவினது பூச்சே அடிக்காதது. இரண்டு அச்சு, பதினாறு அடி, தட்டு முழங்கால் உயரம்தான், பின்னால் ஏற்றுவதற்கு இரண்டு இரும்புப் பலகை. அவர் வந்ததும் வராததுமாக எங்கள் இயந்திரத்தைச் சுற்றி நடந்தார். பின் சில்லில் கையை வைத்தார். காற்சட்டையில் ஒரு கோடு போட்டார். பிறகு ஜெயதீபனின் ரெயிலருக்குப் போய் அதன் பின் விளிம்பில் காலை வைத்து அமத்திப் பார்த்தார்.

“தம்பியின்ரை சாமான் பிழையில்லை” என்றார். “ஒட்டு நல்ல ஒட்டு. ஆனால் ஐயா, உந்த மெசின்ரை பாரம் முழுக்கப் பின்னுக்குத்தான். கலப்பையையும் கொழுவினபடி ஏத்தினால் வால் கனத்து முன்னைத் தூக்கும். கலப்பையைக் கழட்டி முன்னுக்கு வையுங்கோ. மெசினைப் பின்பக்கமா, பெரிய சில்லு முன்னுக்கு வாற மாதிரி ஏத்துங்கோ. அப்பிடிச் செய்தால் உதுவும் சமாளிக்கும்.”

தன் பொருளை விற்க வந்தவர் மற்றவனுடைய பொருளுக்கு வழி சொல்லிக்கொடுக்கிறார். ஜெயதீபன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

அப்போதுதான் அருந்ததி தட்டோடு வந்தாள். முதலில் ஜெயதீபனிடம், “தம்பி உடுப்பிட்டியிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை மகன்?” என்று விசாரித்தாள். அவன் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணியை அவனுக்குக் கொடுத்தாள். எனக்கும் ஒரு கோப்பை. தட்டில் மிச்சம் இருந்தது உறிஞ்சி போட்ட சோடாப் போத்தல். அதைத் தியாகராசா நின்ற பக்கம் இயந்திரத்தின் மட்கார்ட்டில் வைத்தாள். கையில்கூடக் கொடுக்கவில்லை.

ஜெயதீபன் வெளிநாட்டில் கொஞ்சக் காலம் இருந்து வந்தவன். விசயம் விளங்காமல்தான் கேட்டான்.

“என்ன, அண்ணைக்கு மட்டும் சோடா? அண்ணை தேத்தண்ணி குடிக்கிறேல்லையோ?”

அருந்ததி என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்தேன். ஒரு சொல், ஒரேயொரு சொல் நான் சொல்லியிருக்கலாம். ‘அருந்ததி, இன்னொரு கோப்பை கொண்டுவா’ என்றால் போதும். அறுபத்திரண்டு வயது மனிதனுக்குச் சொந்த வீட்டு முற்றத்தில் அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

தியாகராசாதான் பேசினார். சிரித்துக்கொண்டு பேசினார்.

“எனக்கு உது ஒத்துக்கொள்ளாது தம்பி. வயித்தெரிவு. தேத்தண்ணியை விட்டு எத்தினையோ வரியம். அம்மாவுக்குத் தெரியும், அதுதான் சோடா.”

போத்தலை எடுத்து முழுவதையும் குடித்தார். வெறும் போத்தலை அருந்ததியின் தட்டில் வைக்காமல், தானே கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டின் ஓரத்தில் வைத்தார். அவளுக்கு எது வசதி என்று அவருக்குத் தெரியும்.

எங்களை அவமானத்திலிருந்து காப்பாற்ற அவர் பொய் சொன்னார். அவரை அவமானப்படுத்தியவர்கள் நாங்கள், மானம் காத்தவர் அவர். இதைவிடக் கேவலமான ஒரு காலை என் வாழ்க்கையில் இருந்ததில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மனிதன் வெட்கப்பட்டால் திருந்துவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெயதீபனின் ரெயிலரை வாங்கினேன். தியாகராசாவின் ரெயிலர்தான் சரி என்று கண்ணிருந்த எவருக்கும் தெரியும். ஆனால் அதை வாங்கினால் பூச்சடிக்க, பலகை பொருத்த, லைற் போட என்று அவர் இன்னும் நாலு தரம் வருவார். நாலு தரமும் நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நாலு தரமும் சோடா.

“அப்ப அது நல்லதுதானே” என்றார் தியாகராசா. “ஐயா கலப்பையை மட்டும் மறவாமல் கழட்டுங்கோ.”

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட ஒரு சாட்டு இருக்கும். ஏற்றுகிற அன்று சுபநேரம் காலை ஒன்பது பன்னிரண்டுக்கு முடிகிறது என்று அருந்ததி பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தாள். தேங்காய் உடைத்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி முடியவே ஒன்பதாகிவிட்டது. கலப்பையின் ஆணிகள் கறள் பிடித்து இறுகிப் போயிருந்தன. ஜெயதீபன் சுத்தியலோடு வந்து, “அண்ணை சொன்னவர், கழட்டுவம்” என்றான்.

“விடு தம்பி, நேரம் போகுது. கொழுவினபடி ஏத்து” என்றேன். “அந்தாள் அப்பிடித்தான், எல்லாத்துக்கும் ஒரு கதை சொல்லும்.”

அந்தாள் என்றேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

எலுமிச்சம்பழம் நசிந்தது, ரெயிலர் படலை தாண்டியது. கலப்பை தட்டுக்கு வெளியே இரண்டு முழம் தொங்கியது. ஜெயதீபனின் சின்ன லொறிதான் இழுத்தது. பட்டினம் தாண்டும் வரை அரக்கி அரக்கிப் போனோம். நாவற்குழிப் பாலத்தின் ஏற்றத்தில் லொறியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் லொறி திரும்பவில்லை. ஜெயதீபன் பயந்துபோய் நிறுத்தினான். நிறுத்தியதும் ரெயிலர் வாலைத் தரையில் குத்திக்கொண்டு குந்திவிட்டது. கொழுவும் கம்பி வளைந்து போயிற்று. அப்பாவின் இயந்திரம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு சங்கிலியில் தொங்கியது. ஒரு சங்கிலி அறுந்தால் நேரே கடனீரேரிக்குள்.

இரண்டு பக்கமும் வாகனம் நின்றது. பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், பயணிகள் இறங்கி வந்து படம் எடுத்தார்கள். நான் தலைக்குத் துவாயைப் போட்டுக்கொண்டு பாலத்துக் கட்டில் இருந்தேன். ஜெயதீபன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையே அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறான்.

ஒரு மணித்தியாலத்தில் தியாகராசா ஒரு லொறியில் தன் பூச்சில்லாத ரெயிலரைக் கொழுவிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, சொன்னேனே என்று குத்திக்காட்டவும் இல்லை. கறள் ஆணிகளுக்கு மண்ணெண்ணெய் விட்டார், பொறுத்தார், சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். பத்து நிமிடத்தில் கலப்பை கையோடு வந்தது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் சுபநேரத்துக்காகக் கொடுக்கவில்லை. இயந்திரத்தை மெல்ல இறக்கி, பின்பக்கமாகத் தன் ரெயிலரில் ஏற்றி, கலப்பைகளையும் இரும்புச் சில்லுகளையும் முன்னுக்கு அடுக்கிக் கட்டினார். அது அசையாமல் நின்றது.

பாலத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. ஜெயதீபன் மூன்று பிளேன்ரீ வாங்கி வந்தான். ஒன்றைத் தியாகராசாவின் கையில் கொடுத்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

“ஐயோ, உங்களுக்கு வயித்தெரிவெல்லோ?”

தியாகராசா அதை ஊதிக் குடித்து முடித்தார். கிளாசை நீட்டி இன்னொன்று கேட்டார்.

“எல்லா இடத்திலையும் வாறேல்லை தம்பி” என்றார்.

ஜெயதீபன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. தன் லொறியில் பின்னால் வந்தவன், பரந்தன் போய்ச் சேர்ந்தும் என்னோடு கதைக்கவில்லை. நான் தியாகராசாவின் பக்கத்தில் இருந்து போனேன். ஐம்பது கிலோமீற்றர். மழை பெய்யுமா, நெல்லு எந்த இனம் என்று கதைத்தோம். அண்ணை என்ற சொல் கொடிகாமத்தில் ஒருதரம் தொண்டை வரை வந்தது. அந்தத் தென்னங்காணியைத் தாண்டும்போது அவரும் திரும்பிப் பார்த்தார்.

விதைப்பு முடிந்து பத்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்பது, பழையபடி அண்ணை என்று கூப்பிடுவது, இந்த இரண்டுக்கும்தான் போனேன். அது நடக்காவிட்டால் இனி ஒருகாலும் நடக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் படலையைத் திறந்தது அதுதான் முதல்தரம். அவர் எங்கள் வீட்டுக்கு எத்தனை தரம் வந்திருப்பார் என்று கணக்கே இல்லை.

தியாகராசா கொட்டிலில் யாருக்கோ அச்சு ஒட்டிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி, ஐந்து நிமிடம் என்றார். சிவக்கொழுந்து அக்கா வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. படலையோடு அவருக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கதிரையை எடுத்துப் போட்டு, துணியால் துடைத்தார்.

“இருங்கோ ஐயா. மகள் சுகமோ? நான் தூக்கி வளர்த்த பிள்ளை.”

“சுகமாயிருக்கிறா அக்கா” என்றேன்.

அக்கா என்ற சொல் வந்ததே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. அவர் கடைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சோடாப் போத்தல். மூடியைத் திறந்து, உறிஞ்சியைப் போட்டு, சிரித்த முகத்தோடு நீட்டினார்.

“குடியுங்கோ ஐயா, வெயிலுக்கு.”

அதில் குத்தல் இல்லை. கோபமும் இல்லை. இந்த வீட்டுக் கோப்பையில் நான் வாய் வைக்கமாட்டேன் என்று நினைத்து, எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று கொண்டுவந்திருக்கிறார். அவருடைய பானையில் ஐந்தரை மாதம் சாப்பிட்டவன் நான்.

“அக்கா, தேத்தண்ணி தாங்கோ” என்றேன்.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. என் முகத்தை வடிவாகப் பார்த்தார்.

“தேத்தண்ணி இப்ப போட்டுத் தருவன். அதுக்கென்ன. குடிச்சிட்டு வீட்டை போய் அருந்ததிக்குச் சொல்லுவியளோ?”

கொட்டிலில் ஒட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. தியாகராசா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். ஓம் என்று சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு எழுத்துத்தான். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தாமல்தான் காத்திருந்தார்கள்.

நான் போத்தலை வாங்கினேன்.

சிவக்கொழுந்து அக்கா, “குடியுங்கோ, குளிர் போகமுன்னம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தியாகராசா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஒட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது. சீனி வருத்தக்காரன் முழுப் போத்தலையும் குடித்தேன். குடித்து முடித்து, தட்டோ மேசையோ எதுவும் பார்க்காமல், எழும்பிப் போய் அவர்களுடைய கிணற்றுக்கட்டின் ஓரத்தில் வைத்தேன்.

இதை முதலில் அருந்ததிக்குத்தான் வாசிக்கக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்து மூன்று கிழமை. மேசை லாச்சிக்குள் இருக்கிறது.